லேப்டாப்பில் ‘பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால்: டேட்டாவை இழக்காமல் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

லேப்டாப்பை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ‘நோ பூட்டபிள் டிவைஸ் ஃபவுண்ட்’ என்று மட்டும் நிற்கிறது. பூட் ஆக, அதாவது விண்டோஸைத் தொடங்க, டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தச் செய்தி வந்துவிட்டதாலேயே உங்கள் ஃபைல்கள் போய்விட்டன என்று ஆகாது. பல பேருக்கு ஃபைல் போவது அதற்குப் பிறகுதான். ‘ஃபார்மட் போட்டுக் கொடுத்துடறேன்’ என்று யாராவது சொல்ல, இருக்கிற பதற்றத்தில் நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் தங்கையின் லேப்டாப்புக்கு இது வந்தபோது ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். கடைசியில் பார்த்தால் எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) பிடித்திருக்கும் ஸ்க்ரூ கழன்று, அது சாக்கெட்டிலிருந்து ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது. அவளுடைய கல்லூரி புராஜெக்ட் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. இரண்டு கடையிலும் யாரும் பயாஸை (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கக்கூடிய, லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் திரை) திறந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஐந்து நிமிட வேலை அது.

இந்தப் பழுதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பயாஸில் டிஸ்கின் பெயர் தெரிகிறதா, இல்லையா? தெரிந்தால் ஒரு வழி, தெரியாவிட்டால் வேறு வழி. அதற்குப் பதில் தெரியும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

1. எதையும் தொடுவதற்கு முன்

திரையில் வந்திருக்கும் செய்தியை ஃபோனில் படம் எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். எச்பியில் ‘பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வந்து கீழே ‘3எஃப்0’ என்ற எண் இருக்கும். லெனோவோவில் ‘டிஃபால்ட் பூட் டிவைஸ் மிஸ்ஸிங் ஆர் பூட் ஃபெயில்ட்’ என்று வரலாம். அசூஸ் பல நேரம் ஒன்றும் சொல்லாமல் நேராக பயாஸ் திரைக்குள் போய் நின்றுவிடும். ‘பிஎக்ஸ்இ’ என்று தொடங்கும் வரிகள் வந்தால், டிஸ்க் கிடைக்காமல் லேப்டாப் நெட்வொர்க் வழியாக பூட் ஆக முயல்கிறது என்று பொருள். நெட் கேபிளில் கோளாறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். பூட் வரிசையில் யுஎஸ்பி முதலில் இருந்து, செருகியிருக்கும் பென் டிரைவில் விண்டோஸ் இல்லாவிட்டாலும் இதே செய்தி வரும்.

அடுத்தது, மின்சாரத்தை முழுவதும் வடியவிடுவது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடிய பழைய மாடலாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். அப்டேட் நடக்கும்போது தொங்கிப்போன எஸ்எஸ்டி சில நேரம் இதிலேயே எழுந்துவிடும்.

இவ்வளவிலும் சரியாகவில்லையா? இரண்டு விஷயங்களைத் தேடி எடுத்து வையுங்கள். ஒன்று, வாங்கிய பில்லும் சீரியல் எண்ணும். எண் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், அது அழிந்துபோயிருந்தால் பயாஸின் முதல் பக்கத்திலும் இருக்கும். டெல்லில் இதற்கு சர்வீஸ் டேக் என்று பெயர், ஏழு எழுத்து.

இன்னொன்று, பிட்லாக்கர் ரெகவரி கீ. பிட்லாக்கர் என்பது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. நீங்கள் எதுவும் செய்யாமலேயே, மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு லாகின் செய்த பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் செக்யூர் பூட் போன்றவற்றை மாற்றினாலோ, டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க் முழு ஆரோக்கியத்துடன் இருந்தாலும் ஃபைலை எடுக்க முடியாது. இப்போதே ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், ‘டிவைஸஸ்’ பகுதியில் ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஆஃபீஸ் லேப்டாப் என்றால் அது உங்கள் ஐடி பிரிவிடம் இருக்கும். அந்த லேப்டாப்பை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம்.

2. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்

லேப்டாப்பை முழுவதும் அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து கீழே சொல்லும் கீயை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடிப்பதைவிடத் தட்டுவது நல்லது.

டெல்: எஃப்2. பூட் மெனுவுக்கு எஃப்12.
எச்பி: எஃப்10. பூட் மெனுவுக்கு எஃப்9.
லெனோவோ ஐடியாபேட்: எஃப்2. திங்க்பேட் என்றால் எஃப்1. பூட் மெனு இரண்டிலும் எஃப்12.
ஏசர்: எஃப்2. எஃப்12 பூட் மெனு பெரும்பாலும் அணைத்தே வந்திருக்கும், பயாஸின் மெயின் பக்கத்தில் அதை ஆன் செய்ய வேண்டும்.
அசூஸ்: எஃப்2. பூட் மெனுவுக்கு எஸ்கேப்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படங்கள்தான் உதவும். ஏசர், லெனோவோ இரண்டிலும் ‘இன்ஃபர்மேஷன்’ பக்கத்திலேயே டிஸ்கின் பெயர் இருக்கும். மற்றவற்றில் ‘ஸ்டோரேஜ்’ அல்லது ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்ற தலைப்பில் தேடுங்கள். பூட் வரிசைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டிஸ்க் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பட்டியலில் இல்லாத டிஸ்க், ஸ்டோரேஜ் பட்டியலில் நன்றாகவே இருக்கலாம்.

அங்கேயே தேதியையும் பாருங்கள். பல வருடம் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சின்னக் காசு பேட்டரி தீர்ந்து, பயாஸ் செட்டிங் எல்லாம் மாறியிருக்கும். அதுவே முழுக் காரணமாக இருக்கலாம். பல பழைய மாடல்களில் அது சிஆர்2032 வகை. பேட்டரி மலிவுதான், மாற்றிக் கொடுப்பதற்கான கூலிதான் அதைவிட அதிகமாக இருக்கும்.

பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால் 3ஆம் படிக்குப் போங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் 4ஆம் படிக்கு. மூன்றாவதாக ஒன்று உண்டு: டிஸ்க் தெரிகிறது, ஆனால் பெயர் விநோதமாக இருக்கிறது. விலை குறைந்த சில சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டிகள் பழுதானால் தங்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ‘சாட்டாஃபெர்ம் எஸ்11’ என்று காட்டும். அதன் உள் மென்பொருள் குலைந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டில் சரிசெய்யக்கூடியது இல்லை. முக்கியமான டேட்டா இருந்தால் நேராக டேட்டா ரெகவரி ஆட்களிடம்தான் போக வேண்டும்.

3. பெயர் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை

இது நல்ல செய்தி. பெரும்பாலும் காசு செலவில்லாமல் முடிந்துவிடும்.

பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். இல்லாவிட்டால் பூட் முறையைப் பாருங்கள். விண்டோஸ் 11 இருந்த லேப்டாப் என்றால் அது ‘யூஇஎஃப்ஐ’ என்ற புதிய முறையில்தான் இருக்க வேண்டும். ‘லெகசி’ அல்லது ‘சிஎஸ்எம்’ என்ற பழைய முறைக்கு மாறியிருந்தால் திரும்ப மாற்றுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நிறைய வீடியோக்களில் ‘லோட் டிஃபால்ட்ஸ்’ கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அப்படிச் செய்தால் டிஸ்க் இயங்கும் முறையும் மாறிவிடலாம். விண்டோஸ் போட்டபோது ‘ஏஎச்சிஐ’ இருந்து, டிஃபால்ட் ‘ரெய்டு’ ஆக இருந்தால் (பல டெல் மாடல்களில் அப்படித்தான்), அடுத்த முறை நீலத் திரையில் ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்து நிற்கும். பழுது ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும். ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டிருந்தால் கவலை வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். டிஸ்கில் இருப்பது எதுவும் அழியாது.

செட்டிங் எல்லாம் சரி, இன்னும் வரவில்லை என்றால் பூட் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். இதற்கு இன்னொரு கம்ப்யூட்டரும், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, பென் டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பல ஜிபி இறங்க வேண்டும் என்பதால் மொபைல் டேட்டாவில் செய்கிறவர்கள் அன்றைய பேக் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட் மெனுவில் அந்தப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாமல் ‘ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ட்ரபிள்ஷூட் வழியாக ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ கொடுங்கள். அரை மணி நேரம்வரை ஆகலாம், நடுவில் அணைக்க வேண்டாம். அதில் சரியாகாவிட்டால், கமாண்ட் பிராம்ப்டில் ‘பிசிடிபூட்’ என்ற கட்டளையால் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதலாம். உங்கள் ஃபைல்களை அது தொடாது. ஆனால் வீடியோ பார்த்துச் செய்யும்போது ‘டிஸ்க்பார்ட்’ திறந்து ‘கிளீன்’ என்று அடிக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது டிஸ்கின் பகுதிகள் எல்லாவற்றையும் துடைத்துவிடும் கட்டளை.

இன்னொரு குழப்பம்: பயாஸில் டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் ‘விஎம்டி’ என்ற அமைப்பு ஆன் ஆகி இருக்கும். அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால் இப்படித்தான் காட்டும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுங்கள், டிஸ்க் வந்துவிடும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினால் அதுவும் இதே மாதிரி தெரியாமல்தான் இருக்கும்.

கம்பெனி கொடுத்திருக்கும் சோதனையையும் ஒருமுறை ஓட்டுங்கள். எச்பியில் ஆன் செய்யும்போது எஃப்2, டெல்லில் எஃப்12 மெனுவில் டயக்னாஸ்டிக்ஸ். குறுஞ்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெல்லில் 2000-0142 என்று வந்தால் டிஸ்க் தன் சொந்தச் சோதனையில் தோற்றுவிட்டது, 2000-0141 என்றால் டிஸ்கே அகப்படவில்லை. எச்பியில் 24 இலக்க ஃபெயிலியர் ஐடி வரும். படம் எடுத்து வைத்துக்கொண்டால் வாரன்டியில் வாதம் செய்ய வேண்டியிராது. சோதனையில் தோற்ற டிஸ்க் இன்று தெரிந்தாலும் நாளை தெரியாமல் போகலாம். பூட் ரிப்பேரை மறந்துவிட்டு 5ஆம் படிக்குப் போய் டேட்டாவை எடுங்கள்.

4. பெயரே தெரியவில்லை

வாரன்டி இருந்தால் திறக்க வேண்டாம், 6ஆம் படிக்குப் போங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கும் லேப்டாப்பில் ‘டக்… டக்…’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே படிக்கும் முனை தட்டை உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கக்கூடிய டேட்டா குறைந்துகொண்டே போகும்.

வாரன்டி முடிந்தது, சத்தமும் இல்லை என்றால் திறக்கலாம். யூடியூபில் உங்கள் மாடல் எண்ணுடன் ‘எஸ்எஸ்டி ரிப்ளேஸ்மென்ட்’ என்று தேடி, முழு வீடியோவையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சிறிய ஸ்க்ரூ டிரைவர் செட் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எது எந்த மூலையில் இருந்ததோ அங்கேயே செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் அங்கே தேடுங்கள். ஓரத்தை நெம்புவதற்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும், இரும்பு வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பிடித்து நகர்த்துங்கள்.

எம்.2 எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும். ஒரு முனை சாக்கெட்டில், மறு முனையில் ஒற்றை ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவை எடுத்தால் பட்டை தானாகவே சரிவாக எழும்பும். அதே சரிவில் வெளியே இழுங்கள். தங்க நிறப் பற்களை விரலால் தொடாமல், சுத்தமான அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். திரும்பச் செருகும்போது சரிவாகவே செருகி, பற்கள் முழுவதும் உள்ளே போனதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சரியாகப் போயிருந்தால் தங்க நிறம் மெல்லிய கோடாகத்தான் தெரியும். பளிச்சென்று பட்டையாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை. பிறகு கீழே அழுத்தி ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ தொலைந்துபோயிருந்தால் மூடி அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. பையில் வைத்து நடக்கும்போதே மறுபடி கழன்றுவிடும்.

பழைய 2.5 அங்குல டிஸ்க் என்றால் அதை மதர்போர்டுடன் இணைக்கும் தட்டை கேபிள்தான் முதல் சந்தேகம். மடிந்தோ நைந்தோ இருக்கும். டிஸ்கைவிட மிக மலிவான பொருள், ஆனால் மாடல் எண் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலை குறைந்த சில லேப்டாப்களிலும் இப்போதைய மேக்புக்குகளிலும் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் நாம் கழற்றி மாட்ட எதுவும் இல்லை.

பேட்டரியை மாட்டி, சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய சில மாடல்கள் சார்ஜர் இல்லாமல் ஆன் ஆகவே ஆகாது, பயந்துவிட வேண்டாம். பயாஸில் பெயர் வந்துவிட்டதா? முதல் வேலையாக டேட்டாவை நகல் எடுங்கள்.

5. டேட்டாவை வெளியே எடுத்தல்

டிஸ்க் இன்னும் பயாஸில் தெரியவில்லை என்றால் அதை வெளியே எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. 2.5 அங்குல டிஸ்குக்கு யுஎஸ்பி கேபிள் சில நூறு ரூபாய்தான். எம்.2 எஸ்எஸ்டிக்கு என்க்ளோஷர் (டிஸ்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) வேண்டும், ஏறத்தாழ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. உள்ளே சாட்டாவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இயும் இருக்கலாம். பற்களில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு மட்டும் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் என்விஎம்இ. ஸ்டிக்கரைப் படித்து உறுதி செய்துகொண்டு அதற்கான என்க்ளோஷரை வாங்குங்கள். இரண்டுக்கும் பொருந்துவதும் கிடைக்கிறது.

மாட்டியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்றோ ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்றோ கேட்டால் கேன்சல். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் போட்டுவிட்டால் பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி ரெகவரி மென்பொருளால் திரும்ப எடுக்க முடிவது அரிது. டிரிம் என்ற வசதி அழித்த இடத்தை உடனே காலி செய்யச் சொல்லிவிடும். டிஸ்கில் பிழை தேடித் திருத்தும் ‘செக்டிஸ்க்’ கட்டளையை ஓட்டச் சொல்பவர்களுக்கும் காது கொடுக்காதீர்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்கில் அது ஃபைல்களைச் சிதைத்துவிடக்கூடும்.

திறந்தால் பெரியதில் தொடங்காதீர்கள். சான்றிதழ்கள், புராஜெக்ட், கணக்கு ஃபைல்கள் முதலில். அடுத்து குடும்பப் படங்கள். சினிமாவும் இன்ஸ்டாலரும் கடைசியில், அல்லது விட்டுவிடலாம்.

வேறு கம்ப்யூட்டரில் தெரிந்து, உங்கள் லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை என்றால் பழுது சாக்கெட்டிலோ போர்டிலோ. இரண்டிலும் தெரியவில்லை என்றால் டிஸ்க்தான் போயிருக்கிறது. அப்போது டேட்டா வேண்டும் என்றால் ரெகவரி நிறுவனம்தான் வழி. செலவு சில ஆயிரங்களிலிருந்து பத்தாயிரங்கள்வரை போகும். டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, பரிசோதனைக் கட்டணம் தனியா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு டிஸ்கைக் கொடுங்கள்.

6. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது

பில், சீரியல் எண், பயாஸ் படங்கள், சோதனைக் குறியீடு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஜாப் ஷீட்டில் ‘டேட்டா தேவை, என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாரன்டியில் புது டிஸ்க் போட்டால் பழையதைப் பொதுவாகக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். டேட்டாவுக்கு வாரன்டி கிடையாது. பழைய டிஸ்க் உங்களுக்கு வேண்டும் என்றால் அதைப் பேச வேண்டிய நேரம் கொடுக்கும்போதுதான், வாங்கும்போது பேசிப் பயனில்லை.

வெளிக் கடையில் கொடுத்தால் உங்கள் எதிரிலேயே பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். டிஸ்கை வேறு லேப்டாப்பிலும், வேறு டிஸ்கை உங்கள் லேப்டாப்பிலும் மாட்டிப் பார்க்காமல் அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வாரன்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம்.

7. புது டிஸ்க் வாங்கிப் போடுதல்

பழைய டிஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். எம்.2வில் நீளமும் முக்கியம்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42, 2230 என்றால் 30. சில லேப்டாப்களில் நீளமானது உட்காரவே உட்காராது. எஸ்எஸ்டி விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. ஆன்லைனில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, நாலு கடை விசாரித்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தனியாக வாங்கும் எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்து வருட வாரன்டி இருக்கும். அந்தப் பில்தான் அதற்குச் சாவி.

விண்டோஸுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸுடன் வந்த லேப்டாப் என்றால் அதன் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. அதே பதிப்பைப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ‘ஒரிஜினல் கீ போட்டுத் தர்றேன்’ என்று கடையில் கூடுதலாகக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லேப்டாப் தாங்கும் என்றால் 11ஐயே போடுங்கள். இன்ஸ்டால் முடிய ஒரு மணி நேரமும், அப்டேட்கள் இறங்க இன்னொரு மணி நேரமும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் புது ரெகவரி கீயை மறுபடி குறித்து வையுங்கள், பழையது புது டிஸ்குக்குச் செல்லாது. கடை பில் வெப்பத் தாளில் அடித்ததாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். அந்த லேப்டாப்பில் மட்டும் சேமிக்க வேண்டாம்.